கணினித் திரையில் இயக்கவியல் பாடம்

கிராமத்துச் சிறுவர் சிறுமியர் பள்ளியில் காலடி வைக்கும் முன்னரே இயக்கத்தைப் பற்றிப் பல செய்திகளை அறிந்திருக்கின்றனர். கவண்கல் வளைந்து சென்று விழுவதையும், ஊஞ்சல் தாளந் தவறாமல் ஆடுவதையும், பம்பரம் சுழன்று ஓய்வதையும் அவர்கள் கண்டிருக்கின்றனர். இவ்வனுபவம் பௌதிகப் பாடத்திற்கு நல்ல அடித்தளமாகும். ஆயினும் அதனோடு சில தவறான முடிவுகளும் மனத்தில் வேரூன்றி விடுகின்றன. மாடு இழுத்தால் வண்டி நகர்கிறது. இழுப்பது நின்றால் வண்டியும் நின்றுவிடுகிறது. ஆகவே, ஓடும் பொருளை ஏதேனும் ஒரு விசை இடைவிடாது இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று மாணவன் எண்ணுகிறான். நியூட்டனின் முதல் விதியைத் தேர்வில் அவன் பிழையின்றி எழுதிவிடுவான். உள்ளத்திலோ பழைய எண்ணமே நிலைத்திருக்கும். இதனை மாற்றுவதற்கு நமக்குக் கிடைத்துள்ள சாதனங்களுள் ஒன்று பாவனை மென்பொருள்.

பாவனை மென்பொருள் என்பது யாது?

இயற்கை விதிகளைக் கணக்கு வடிவில் கணினிக்குள் அமைத்து, அவற்றின்படி பொருள்களைத் திரையில் இயங்கச் செய்வதே பாவனை மென்பொருள். இவ்வகையில் பலரும் அறிந்தது ‘ஃபெட்’ என்னும் தொகுதி. 2001-ல் நோபெல் பரிசு பெற்ற பௌதிக அறிஞர் கார்ல் வைமன், அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் 2002-ல் இதனைத் தொடங்கினார். இதற்குக் கட்டணம் இல்லை. ஒருமுறை இறக்கி வைத்துக்கொண்டால் இணைய வசதி இல்லாத இடத்திலும் பயன்படுத்தலாம்.

உராய்வற்ற தரை

இத்தொகுதியில் ஒரு பெட்டியைத் தள்ளும் சோதனை உண்டு. தரையின் உராய்வை விருப்பம்போல் கூட்டவும் குறைக்கவும் இயலும். உராய்வு மிகுந்திருக்கையில், தள்ளுவதை நிறுத்தியதும் பெட்டி விரைவில் நின்றுவிடுகிறது. உராய்வைக் குறைக்கக் குறைக்க அது நெடுந்தூரம் செல்கிறது. உராய்வை முற்றிலும் நீக்கிவிட்டாலோ, தள்ளுவாரின்றியே ஒரே வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. வண்டியை நிறுத்தியது விசையின்மை அன்று, உராய்வு என்னும் எதிர்விசையே என்பதை மாணவன் தானே கண்டுகொள்கிறான்.

எறிபொருளின் பாதை

வினாடிக்கு 20 மீட்டர் வேகத்தில், தரையிலிருந்து 30 பாகைச் சாய்வில் ஒரு குண்டை எறிவோம். அது ஏறத்தாழ 35 மீட்டருக்கு அப்பால் விழும். 60 பாகையில் எறிந்தாலும் அதே தூரந்தான். ஆனால் முன்னது சுமார் 2 வினாடியில் தரையை அடைகிறது. பின்னதற்கு 3½ வினாடி ஆகிறது. 45 பாகையில் தூரம் சுமார் 41 மீட்டராக உயர்கிறது. இவை யாவும் காற்றுத் தடை இல்லாதபோது. அத்தடையைச் சேர்த்தால் எல்லாத் தூரங்களும் குறைகின்றன. 60 பாகையில் சென்ற குண்டு, 30 பாகையில் சென்றதற்குப் பின்தங்கி விடுகிறது. நெடுநேரம் காற்றில் இருந்ததன் விளைவு அது.

ஒரே கணினி இருந்தால்?

நமது மாநிலத்தின் அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகள் பலவற்றில் உயர் தொழில்நுட்ப ஆய்வகங்கள் அமைந்துள்ளன. ஒரே கணினி இருப்பினும் பாடம் நடத்தலாம். முதலில் ஆசிரியர் வினாவை மட்டும் கூறவேண்டும். மாணவர்கள் நால்வர் நால்வராகக் கூடி, என்ன நிகழும், ஏன் நிகழும் என்று குறிப்பேட்டில் எழுதவேண்டும். அதன் பின்னரே சோதனையை இயக்கவேண்டும். தம் கருத்துக்கு மாறானது நிகழும்போது எழும் விவாதமே பாடத்தின் உயிர்நாடி. ஊகம் எழுதாமல் திரையைப் பார்ப்பது வேடிக்கை பார்ப்பதோடு முடிந்துவிடும்.

திரையும் கையும்

ஒன்றை நாம் மறத்தலாகாது. திரையில் காண்பது இயற்கை அன்று. ஆக்கியோர் அதில் எழுதிவைத்த விதிகளே. அவ்விதி மெய்யா என்பதற்குச் சான்று வெளியுலகில்தான் உண்டு. ஆதலின் ஒரு மீட்டர் நீள நூலில் கல்லைக் கட்டிச் சிறு கோணத்தில் ஆடவிடுக. பத்து முறை ஆடிவர ஏறத்தாழ 20 வினாடியாகும். கல்லின் எடையை மாற்றினாலும் அந்நேரம் மாறுவதில்லை. திரையிலுள்ள ஊசலும் இதையே காட்டுகிறதா என்று மாணவர் ஒப்பிடட்டும். பிறகு திரையில் மட்டும் சந்திரனின் ஈர்ப்பைத் தேர்ந்தெடுத்தால், பத்து ஆட்டத்திற்குச் சுமார் 49 வினாடி ஆவதைக் காணலாம். கைக்கு எட்டியதை நூலும் கல்லும் கொண்டு சோதிப்போம். எட்டாததற்குத் திரையை நாடுவோம்.

விலையுயர்ந்த கருவிகள் இல்லை என்பதற்காகக் கிராமத்துப் பிள்ளை விதிகளை மனப்பாடம் செய்வதோடு நின்றுவிடுதல் கூடாது. வினாவெழுப்பி, ஊகித்து, சோதித்து, முடிவு காணும் பழக்கம் அப்பிள்ளைக்கு வாய்க்குமாயின், அது வயலிலும் தொழிற்கூடத்திலும் வாழ்நாள் முழுதும் துணை நிற்கும். ஆசிரியர்களும் பெற்றோரும் இம்முயற்சியில் கைகோத்துச் செயலாற்றுவார்களாக!