தடிப்பு மறையவில்லை என்பதற்காக ஸ்டில் நோயை விட்டுவிடாதீர்கள்

மருத்துவ வார்டுக்குப் புதிதாக வரும் இளம் டாக்டர்களுக்கு:

1. முதலில் வழக்கமான தடிப்பைத் தெரிந்துகொள்ளுங்கள். குழந்தைகளிடம் ஜார்ஜ் ஸ்டில் 1897-இல் விவரித்த நோய் பெரியவர்களுக்கும் வரும் என்று 14 பேரை வைத்து 1971-இல் எழுதியவர் எரிக் பைவாட்டர்ஸ். சாயங்காலம் காய்ச்சல் 39 டிகிரி செல்சியஸைத் தொடும்போது தடிப்பு மார்பிலும் தோள், தொடைப் பக்கமும் இளஞ்சிவப்பாகப் படரும். காய்ச்சல் இறங்கினால் போய்விடும். அரிப்பு பெரும்பாலும் இருக்காது.

2. காலை ரவுண்ட்ஸில் அதைத் தேடிப் பயனில்லை. காய்ச்சல் ஏறும்போது கூப்பிடச் சொல்லி நைட் டியூட்டி சிஸ்டரிடம் சொல்லிவையுங்கள். கூட இருப்பவர்களைச் செல்போனில் படம் எடுத்துவைக்கச் சொல்லுங்கள். நம் ஊர்க் கறுத்த தோலில் இளஞ்சிவப்பு எளிதில் தெரியாது. பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பாருங்கள், கையால் தடவியும் பாருங்கள்.

3. இளையவர்கள் அதிகம் தடுமாறுவது மறையாத தடிப்பில்தான். அரிக்கும், பழுப்பேறும், செதில் கட்டும், நாள்கணக்கில் அப்படியே நிற்கும். சிலருக்கு முதுகில் சாட்டையடித் தழும்புபோல் கோடு கோடாக இழுத்திருக்கும். "காய்ச்சலோடு போகவில்லையே, அப்படியானால் ஸ்டில் இல்லை" என்று கேஸ் ஷீட்டில் அடித்துவிடாதீர்கள். இதுவும் அந்த நோயின் தடிப்புதான். கோடுகளைக் கண்டால் இன்னும் மூன்றைக் கேளுங்கள்: ஷிடாகே காளான் சாப்பிட்டாரா, பிளியோமைசின் ஏறியதா, படியேறத் தொடையில் பலமில்லையா. கடைசிக் கேள்வி டெர்மடோமயோசைட்டிஸுக்காக.

4. ஆன்டிபயாட்டிக் ஓடும்போது வந்த தடிப்பையெல்லாம் மருந்து அலர்ஜி என்று எழுதாதீர்கள். அது மாத்திரை நேரத்தைப் பின்தொடர்கிறதா, காய்ச்சல் சார்ட்டையா? இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

5. பயாப்ஸியை மறையாத, செதில் கட்டிய இடத்தில் எடுங்கள். மேல்தோலின் மேலடுக்குகளில் தனித்தனியாகச் செத்த செல்கள், கீழே நியூட்ரோஃபில்கள்: இந்தச் சேர்க்கை பெரிய துப்பு. சந்தேகத்தைச் சீட்டில் எழுதி அனுப்பினால்தான் நோய்க்குறியியல் டாக்டர் அதைத் தேடுவார்.

6. 1992-இல் வந்த யமகுச்சி விதிகளில் வழக்கமான தடிப்புக்குத்தான் இடம். ஆனால் அது இல்லாமலும் கணக்குச் சேரும். ஒரு வாரக் காய்ச்சல், இரண்டு வார மூட்டுவலி, 10,000 தாண்டிய வெள்ளணுக்களில் நியூட்ரோஃபில் 80 சதவீதம் ஆகியவை முக்கியமானவை; கூடவே தொண்டைவலி, நெறிகட்டுதல், கல்லீரல் கோளாறு. மொத்தம் ஐந்து, அதில் முக்கியமானவை இரண்டு இருந்தால் போதும். அதற்குமுன் தொற்றையும் லிம்ஃபோமாவையும் விலக்கியாக வேண்டும். ஸ்க்ரப் டைஃபஸின் கறுத்த பொருக்கு அக்குளிலும் இடுப்பு மடிப்பிலும் ஒளிந்திருக்கும், துணியை விலக்கிப் பாருங்கள். ரத்த கல்ச்சர் எடுக்காமல் ஸ்டீராய்டு தொடங்க வேண்டாம். தடிப்பு மறையாதவர்களிடம் புற்றுநோயை இன்னும் கவனமாகத் தேடுங்கள், அப்படிப் பலர் பதிவாகியிருக்கிறார்கள்.

7. ஃபெரிட்டின் ஆயிரக்கணக்கில் ஏறும்போது வெள்ளணுவும் பிளேட்லெட்டும் இறங்கினால் ஆபத்து. ஈ.எஸ்.ஆர். கூடவே குறையும், அதைப் பார்த்து நோயாளி தேறுகிறார் என்று நம்பிவிடாதீர்கள். மேக்ரோஃபேஜ்கள் கட்டுக்கடங்காமல் தூண்டப்பட்டிருக்கலாம், உயிர் போகும். நள்ளிரவானாலும் சீனியரை எழுப்புங்கள்.