தாத்தா குரலும் தறிச் சத்தமும்

அன்புள்ள தம்பிக்கு,

வாலாஜாபாத் வீட்டில் தறியடியிலேயே தாத்தாவைப் பேசவைத்து நீ அனுப்பிய பதிவைக் கேட்டேன். சேலையின் கோர்வைக் கரை பற்றி அவர் சொல்லும் இடம் அருமை. பின்னால் ஃபேன் ரீங்காரம், நடுநடுவே தறியின் பலகை அடிக்கும் சத்தம். 'பேஸ் பூஸ்ட், ட்ரெபிள் பூஸ்ட் ரெண்டும் போட்டேன் மாமா, இன்னும் மோசமாயிடுச்சு' என்கிறாய். ஆகத்தான் செய்யும், குரலோடு குப்பையும் ஏறுகிறதே.

ஆடாசிட்டி மென்பொருளில் ஃபில்டர் கர்வ் ஈக்யூவைத் திற. இடமிருந்து வலமாக ஹெர்ட்ஸ், மேலும் கீழும் டெசிபல். கோட்டின்மேல் சொடுக்கினால் புள்ளி விழும், இழுத்தால் கோடு நகரும். ஒரே புள்ளியை வைத்து இழுத்தால் கோடு மொத்தமும் இறங்கிவிடும். பள்ளம் வேண்டிய இடத்தின் இரு பக்கமும் பூஜ்ஜியத்தில் ஒவ்வொரு புள்ளி ஊன்றிக்கொண்டு, நடுவில் ஒன்றை வைத்து இறக்கு.

நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஃபேனின் ரீங்காரம் 50-லும் அதன் மடங்குகளான 100, 150-லும் உட்கார்ந்திருக்கும். ஆண் குரலின் அடித்தளமே ஏறக்குறைய 85-க்கு மேல்தான் தொடங்குகிறது. ஆகவே 80-க்குக் கீழே தாராளமாக வெட்டு, தாத்தாவுக்கு நஷ்டமில்லை. 100-ல் மட்டும் கை கூசட்டும்; அங்கே அதிகம் வெட்டினால் குரலின் கனமும் போய்விடும்.

பேச்சின் தெளிவு 2000-லிருந்து 4000 வரை. அங்கே 3 டெசிபல் ஏற்றிப் பார், போதும். சந்தேகமாக இருந்தால் பட்டியலில் உள்ள 'டெலிபோன்' வளைவைப் போட்டுக் கேள். பழைய தொலைபேசி ஏறக்குறைய 300 முதல் 3400 வரைதான் கடத்தியது. அதை வைத்துக்கொண்டே நாடு பேசித் தீர்த்தது. என்ன, 'ஸ்' சத்தம் மட்டும் மழுங்கும்.

அதே பட்டியலில் 'ஆர்ஐஏஏ' என்றொரு பெயர் இருக்கும். அது இசைத்தட்டுக்கான வளைவு, உன் பதிவுக்கல்ல. இசைத்தட்டு வெட்டும்போது, வரிப்பள்ளம் அகன்று பக்கத்து வரியில் மோதாமலிருக்க பேஸைக் குறைத்தார்கள். ஊசி உரசும் இரைச்சலை அமுக்க ட்ரெபிளை ஏற்றினார்கள். போட்டுக் கேட்கும்போது அதைத் தலைகீழாகத் திருப்ப வேண்டும். அதற்கான பொது வளைவு 1954-ல்தான் வந்தது. அதற்கு முன் கம்பெனிக்கு ஒரு வளைவு. வீட்டுப் பரணில் 78 சுற்றுத் தட்டு ஏதாவது கிடைத்தால், ஆர்ஐஏஏவைப் போட்டுவிட்டுச் சரியாகிவிட்டது என்று நம்பிவிடாதே. காதுதான் முடிவு சொல்ல வேண்டும்.

பலகைச் சத்தத்துக்கு வருவோம். அதை எந்த வளைவாலும் எடுக்க முடியாது. ஃபேன் ஒரு மூலையில் ஒண்டியிருக்கிறது. பலகையடியோ அடியிலிருந்து உச்சிவரை, தாத்தா குரல் இருக்கும் இடமெல்லாம் பரவிக் கிடக்கிறது. வெட்டினால் இரண்டும் சேர்ந்தே போகும். மறுபடி பதிவு செய்வதுதான் வழி. ஃபேனை நிறுத்து. செல்போனைத் தாத்தா வாயிலிருந்து ஒரு முழத்தில் வைத்திருந்தாய் என்றால் அரை முழத்துக்குக் கொண்டு வா. தூரம் பாதியானால் குரல் சுமார் 6 டெசிபல் ஏறும், தறி ஏறாது. தறியை நிறுத்தச் சொல்லிவிடாதே. கை ஓடினால்தான் அவருக்குப் பேச்சு வரும்.

அன்புடன்,
மாமா