பறவைகளும் அவற்றின் இந்திப் பெயர்களும்

ஒரு சொல்லின் பொருளைச் சரிவர அறியாமையால் ஒரு சங்கம் இழப்பு எய்தக்கூடும் என்பதை நாம் நேரிற் கண்டோம். நமது சரகத்திலுள்ள நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றிற்கு வட இந்திய வணிகர் ஒருவர் முப்பது பட்டுச் சேலைகளுக்கு ஆர்டர் அனுப்பியிருந்தார். முந்தானையில் ‘சாரஸ்’ ஜோடி அமைய வேண்டும் என்று கடிதத்தில் குறித்திருந்தார். அன்று தணிக்கைக்குச் சென்றிருந்த நம்மிடம் செயலாளர் அச்சொல்லுக்குப் பொருள் கேட்டார். படித்தவர் என்னும் மிடுக்கில், ‘அன்னமாகத்தான் இருக்கும்’ என்று கூறிவிட்டோம். சங்கத்தார் அன்ன ஜோடியை நெய்து அனுப்பினர். சேலைகள் அத்தனையும் திரும்பி வந்தன. அவை வேறிடத்தில் விலைபோகும் வரையில் சங்கத்தின் பணம் அலமாரியில் முடங்கிற்று. அடுத்த பாவுக்குப் பட்டு வழங்க இயலாமல் சில தறிகள் ஓய்ந்து நின்றன. பிழை நெய்தவருடையதன்று, நம்முடையது. அதற்குக் கழுவாயாகவே இப்பாடத்தை எழுதுகின்றோம்.

தறியில் அமரும் பறவைகள்

சாரஸ் என்பது அன்னமன்று, சாரசக் கொக்கு. பறக்கும் பறவைகளுள் உலகிலேயே மிக உயரமானது இதுவே. நிமிர்ந்து நின்றால் ஏறத்தாழ ஓர் ஆள் உயரம் இருக்கும். உடல் சாம்பல் நிறம், தலையும் கழுத்தின் மேற்பகுதியும் சிவப்பு, கால்கள் நீண்டவை. கங்கைச் சமவெளியின் நெல் வயல்களிலும் நீர்நிலைகளிலும் இணையிணையாக மேயும். உத்தரப் பிரதேசத்தின் மாநிலப் பறவை இதுவே. இணை பிரியாத பறவை என்று அந்நாட்டு மக்கள் போற்றுவதால் மணச் சேலைக்கு இவ்வுருவத்தைக் கேட்கின்றனர். நம் பக்கத்தில் இப்பறவை காணப்படாமையால் பெயரும் நமக்குப் புதிதாயிற்று. அன்னத்தை அவர்கள் ‘ஹன்ஸ்’ என்பர். இரண்டின் உருவமும் வேறு. அட்டை வெட்டுபவர் இதனை நினைவிற்கொள்வாராக.

‘மோர்’ என்று கடிதத்தில் கண்டால் நாம் நீர்மோரை நினைத்தல் கூடாது, அது மயில். 1963ஆம் ஆண்டில் நாட்டின் தேசியப் பறவையாக அறிவிக்கப்பெற்றது. ‘தோத்தா’ என்பது கிளி. ஆண் கிளிக்கே கழுத்தில் கருமையும் இளஞ்சிவப்புமான வளையம் உண்டு. பெண் கிளிக்கு இல்லை. ஆகவே, கிளி ஜோடி நெய்யுங்கால் ஒன்றற்கு வளையமிட்டு மற்றதை வாளா விடுதலே இயற்கைக்கு ஒத்தது.

‘நீல்கண்ட்’ என்பதே நம்மை எளிதில் ஏமாற்றும் பெயர். நீலகண்டம் என்னும் பொருள்கொண்டு கழுத்தில் நீல இழையைப் போட்டுவிடுவோம். உண்மையில் இது நம் பனங்காடையே. இதன் கழுத்தும் மார்பும் செம்பழுப்பு. நீலம் சிறகிலும் வாலிலும் உள்ளது. விசயதசமி நாளில் இதனைக் காண்பது நற்குறி என்று வட இந்தியர் கருதுகின்றனர்.

வீட்டருகே வாழ்பவை

சிட்டுக்குருவியின் இந்திப் பெயர் ‘கௌரையா’. முதலெழுத்தைக் ‘கங்கை’ என்பதன் முதலெழுத்தைப் போல ஒலிக்க வேண்டும். 2012இல் டில்லி இதனைத் தன் மாநிலப் பறவையாக ஏற்றது. காக்கை ‘கௌவா’, புறா ‘கபூதர்’, மைனாவுக்கு அங்கும் ‘மைனா’ என்றே பெயர். குயிலை ‘கோயல்’ என்பர். கூவும் ஓசையே இரு மொழியிலும் பெயராயிற்று போலும்.

ஆந்தையை ‘உல்லூ’ என்பர். இச்சொல்லை ஆளும்போது கவனம் வேண்டும். மூடன் என்று வைவதற்கும் இதுவே சொல். ஆயினும், அதே நாட்டில் திருமகளின் ஊர்தியும் ஆந்தையே. உழவருக்கு அது எலிகளை ஒழிக்கும் துணைவன். எனவே, இரண்டாவது மதிப்பே அதற்குப் பொருந்தும் என்பது நம் கருத்து.

வயலில் உதவுபவை

பெயர்கள் மாறினும் உழவர் கண்ட உண்மை இரு நாட்டிலும் ஒன்றே என்பதற்குச் சில சான்றுகள் உள. மரங்கொத்தியை ‘கட்போட்வா’ என்பர். மரத்தை உடைப்பது என்பது அதன் பொருள். சொல் வேறு, கருத்து நம்முடையதே.

கரிச்சான் எனவும் இரட்டைவால் குருவி எனவும் நாம் வழங்கும் பறவைக்கு அங்கு ‘கோத்வால்’ என்று ஒரு பெயர். அக்காலத்து நகரக் காவல் தலைவனுக்குரிய பதவிப் பெயர் அது. தன் கூட்டை நெருங்கும் காக்கையையும் பருந்தையும் இச்சிறு பறவை அஞ்சாது துரத்துவதால் அப்பெயர் பெற்றது. இதனை நம்பிப் பிற சிறு பறவைகளும் அதே மரத்தில் கூடு கட்டுவதுண்டு. புழுக்களையும் பூச்சிகளையும் பிடித்துண்ணும் இக்காவலனுக்கு நாம் ஆற்றக்கூடிய கைம்மாறு, வயலில் அமர்வதற்குக் குச்சி நட்டு வைத்தலே. பயிரைவிடச் சற்று உயரமாகக் குறுக்குக் கம்பு கட்டிய குச்சிகளை ஆங்காங்கே நட்டால் போதும், செலவு ஏதுமில்லை.

ஆள்காட்டிப் பறவையை ‘டிடஹரி’ என்பர். நாம் அதன் செயலைக் கொண்டு பெயரிட்டோம். அவர்கள் அதன் குரலைக் கொண்டு பெயரிட்டனர். அது தரையில் முட்டையிடும் இடம் மேடா பள்ளமா என்று பார்த்து மழையைக் கணிக்கும் வழக்கம் ராஜஸ்தான், குஜராத் சிற்றூர்களில் உண்டு. கொக்கை ‘பகுலா’ என்பர். ‘பகுலா பகத்’ என்றால் கொக்கைப் போன்ற பக்தன், அதாவது வேடதாரி என்று பொருள். சாரஸ் வேறு, பகுலா வேறு என்பதையும் ஈண்டுக் குறித்துக்கொள்க.

பருந்து ‘ச்சீல்’ எனப்படும். பிணந்தின்னிக் கழுகாகிய பாறு ‘கித்த்’ எனப்படும். இப்பெயர் மக்கள் நாவில் இருக்கின்றது, பறவைதான் அருகிவிட்டது. மாடுகளுக்கு வலி நீங்கக் கொடுத்த டைக்ளோஃபினாக் என்னும் மருந்து, அம்மாடுகள் இறந்தபின் அவற்றை உண்ட கழுகுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்தது. 1990களில் தொடங்கி அவை பெருந்தொகையாக மடிந்தன. 2006இல் கால்நடைகளுக்கு அம்மருந்தைப் பயன்படுத்துவது தடை செய்யப்பட்டது. 2023இல் கீட்டோபுரோஃபன், அசிக்ளோஃபினாக் ஆகியவையும் தடை செய்யப்பட்டன. கால்நடை வளர்க்கும் உறுப்பினர்கள் மருத்துவரிடம் மெலாக்சிகாம் போன்ற தீங்கற்ற மருந்தைக் கேட்டுப் பெறுவது கடமையாகும்.

நம் தொழிலைச் செய்யும் பறவை

இறுதியாக, நெசவாளருக்கு உறவான பறவையைச் சொல்வோம். தூக்கணாங்குருவியை இந்தியில் ‘பயா’ என்பர். ஆங்கிலேயரும் அப்பெயரையே எடுத்துக்கொண்டனர். புல்லையும் ஓலையையும் நீள இழைகளாகக் கிழித்து வந்து கூடு பின்னுவது ஆண் பறவை. அது முழுக் கூட்டையும் ஒரே மூச்சில் முடிப்பதில்லை. பாதியளவு பின்னியதும் நிறுத்திப் பெண் பறவைக்குக் காட்டுகின்றது. பெண் பறவை வந்து ஆராய்கின்றது. அதற்குப் பிடித்திருந்தால்தான் மீதியைப் பின்னி, நீண்ட வாயிற்குழலையும் அமைக்கின்றது. பிடிக்கவில்லையெனின், அக்கூட்டைப் பாதியிலேயே விட்டு வேறு கூட்டைத் தொடங்குகின்றது. பாதி உழைப்புத்தான் வீண்; முழு உழைப்பன்று.

நாம் பிழைத்த இடம் இதுவே. ஒரு சாண் மாதிரியை நெய்து, வணிகருக்கு அனுப்பி, அவர் ஒப்புதலை எழுத்தில் பெற்றிருந்தால் முப்பது சேலைகள் திரும்பியிரா. ஆகையால், வெளியூர் ஆர்டர் எதுவாயினும் மூன்று செயல்களைச் சங்கத்தார் வழக்கமாக்குவாராக: புரியாத பெயருக்கு வணிகரிடமிருந்தே படம் கேட்டு வாங்குதல், மாதிரி நெய்து ஒப்புதல் பெறுதல், அவ்வொப்புதலை ஆர்டர்க் கோப்பில் சேர்த்தல். ஆய்வாளர் சொன்னார் என்பது ஒப்புதலாகாது.

பயிற்சி

வாசகசாலைக் கூட்டத்தில் உறுப்பினர்கள் கீழ்க்கண்டவற்றிற்கு விடை கூறிப் பழகலாம்.

1. சாரஸ், ஹன்ஸ், பகுலா: இம்மூன்றையும் தாளில் வரைந்து வேறுபாடு காட்டுக.
2. நீல்கண்டின் உருவத்தில் நீல இழை எங்கெங்கு வரவேண்டும்?
3. உங்கள் வயலில் உள்ள கோத்வாலுக்கு அமர்விடம் உள்ளதா? இல்லையெனில் என்று நடுவீர்?