கொழும்பு, பாங்காக், ஹாங்காங், சிங்கப்பூர்: உணவகமும் வடிவமைப்புக் கடையும் தேடுவோர் எங்கே போகலாம்?

ஆசிய நகரங்களில் ரசனையோடு நடத்தப்படும் உணவகங்களும் வடிவமைப்பாளர்களின் கடைகளும் பெரும்பாலும் பழைய கட்டடங்களில்தான் குடியேறியிருக்கின்றன. கொழும்பில் டச்சுக்காரர் கட்டிய மருத்துவமனை, பாங்காக்கில் ஆற்றங்கரைக் கிடங்கு, ஹாங்காங்கில் காவலர் குடியிருப்பு, சிங்கப்பூரில் ஒரு கான்வென்ட். புதிதாக எழும்பிய வணிக வளாகங்கள் எந்த ஊரிலும் ஒரே மாதிரிதான் இருக்கின்றன. அவற்றுக்காக விமானம் ஏற வேண்டியதில்லை.

இந்த நான்கில் எதைத் தேர்ந்தெடுப்பது என்பதை இரண்டு கேள்விகளைக் கொண்டு முடிவு செய்யலாம். கடையில் விற்கும் பொருள் அந்த நாட்டிலேயே செய்யப்பட்டதா, அல்லது அங்கே வரையப்பட்டு வேறெங்கோ செய்யப்பட்டதா? கடையிலிருந்து சாப்பாட்டு மேசைக்கு நடந்தே போய்விட முடியுமா? முதல் கேள்வி பொருளின் தரத்தைச் சொல்லும். இரண்டாவது, நாள் எப்படிக் கழியும் என்பதைச் சொல்லும்.

முதல் கேள்விக்குத் தயக்கமில்லாத விடை கொழும்பில் கிடைக்கிறது. கொள்ளுப்பிட்டியில் காலி வீதியில் உள்ள பேர்ஃபுட், பார்பரா சன்சோனி 1960களில் தொடங்கிய நெசவு முயற்சியிலிருந்து வளர்ந்த கடை. கிராமத்துப் பெண்கள் கைத்தறியில் நெய்த பருத்தித் துணிதான் அதன் உயிர். மஞ்சளுக்குப் பக்கத்தில் ஊதா, அதற்குப் பக்கத்தில் பச்சை என்று வேறெவரும் அஞ்சக்கூடிய நிறச் சேர்க்கைகள் அங்கே சாரமாகவும் மேசை விரிப்பாகவும் குழந்தைகளின் துணிப் பொம்மையாகவும் ஆகின்றன. கடைக்குப் பின்னால் முற்றத்தில் மர நிழலில் உணவகமும் உண்டு. அங்கிருந்து நடந்து போகும் தொலைவில் ஆல்ஃபிரட் ஹவுஸ் வீதியில் கேலரி கஃபே இருக்கிறது. கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா அலுவலகமாக வைத்திருந்த வீடு அது. பாரடைஸ் ரோட் கடைகளை நிறுவிய சாந்த் ஃபெர்னாண்டோ 1998இல் அதை உணவகமாக்கினார். வெளிச்சமும் நிழலும் மாறி மாறி வரும் முற்றங்களைக் கடந்து மேசையை அடைவதே அங்கே பாதி விருந்து. சென்னை கன்னிமாரா ஹோட்டலின் 1970களின் விரிவாக்கத்தைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கை புதிதாக இராது; அதுவும் பாவாவின் வேலைதான்.

கோட்டைப் பகுதியில் உள்ள பழைய டச்சு மருத்துவமனைக்கு வண்டியில்தான் போக வேண்டும். அங்கே சமையற்கலைஞர் தர்ஷன் முனிதாச, கிரிக்கெட் வீரர்கள் மஹேல ஜெயவர்தன, குமார் சங்கக்கார மூவரும் சேர்ந்து 2011இல் தொடங்கிய மினிஸ்ட்ரி ஆஃப் க்ராப் நடக்கிறது. இலங்கைக் களப்பு நண்டு வெகுகாலமாகச் சிங்கப்பூருக்கு ஏற்றுமதியாகி, அந்த ஊரின் மிளகாய் நண்டுக்குப் பேர் வாங்கித் தந்தது. அந்த நண்டை அதன் சொந்த நாட்டிலேயே முதன்மைப்படுத்திய உணவகம் இது. விலை நண்டின் எடையைப் பொறுத்தது. மலிவான இடம் அல்ல. கொழும்பின் குறை தேர்வுகள் சொற்பம் என்பது. இரண்டு நாளில் முக்கியமானவை முடிந்துவிடும். அதனாலேயே வார இறுதிப் பயணத்துக்கு இதைவிடப் பொருத்தமான ஊர் இல்லை.

பாங்காக்குக்கு ஐந்து நாளாவது ஒதுக்க வேண்டும். 1860களில் மன்னர் மோங்குட் போட்ட சரோன்குருங் சாலையே அங்கே நடக்க வேண்டிய பாதை. அந்தச் சாலையில் உள்ள பெரிய தபால் நிலையக் கட்டடத்துக்குத் தாய்லாந்தின் படைப்பு வடிவமைப்பு மையம் 2017இல் இடம்பெயர்ந்தது. நூலகமும் பொருள் மாதிரிகளின் தொகுப்பும் அங்கே உள்ளன. கடைகளுக்குள் நுழையும் முன் இதைப் பார்ப்பது நல்லது, மூங்கிலும் மண்ணும் பட்டும் என்னவெல்லாம் ஆகலாம் என்று கண் பழகிவிடும். அருகிலேயே கட்டடக் கலைஞர் துவாங்ரித் புன்னாக் வரிசையான பழைய கிடங்குகளைச் சீரமைத்து உருவாக்கிய வேர்ஹவுஸ் 30. 2018 முதல் நடக்கும் பாங்காக் வடிவமைப்பு வாரத்தின்போது இந்தப் பகுதி முழுவதும் கண்காட்சியாக மாறிவிடுகிறது. சாலையிலிருந்து சீலோம் பக்கம் திரும்பினால் 19ஆம் நூற்றாண்டில் தமிழர்கள் எழுப்பிய மாரியம்மன் கோயிலும் வரும்.

உணவுக்குச் சீனர் பேட்டைக்கு நகர வேண்டும். அங்கே தன் குடும்பத்தின் பழைய மூலிகை மருந்துக் கடையிலேயே பொத்தோங் உணவகத்தை நடத்துகிறார் பிச்சயா என்னும் சமையற்கலைஞர். 2024இல் ஆசியாவின் சிறந்த பெண் சமையற்கலைஞர் என்ற விருது அவருக்குக் கிடைத்தது. கட்டடமும் சமையலும் கதையும் ஒரே குடும்பத்துக்குச் சொந்தமாக இருப்பது அரிது. நான்கு நகரங்களிலும் ஒரே ஒரு விருந்துக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் அதை இங்கே செலவிடலாம். முன்பதிவு கட்டாயம். சைவ உணவுக்காரர்கள் 'ஜே' என்ற சொல்லை நினைவில் வைக்க வேண்டும். மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்தில் அது தொங்கும் கடைகளில் இறைச்சி, முட்டை, மீன் சாறு எதுவும் சேராது. வெங்காயமும் பூண்டும்கூடக் கிடையாது.

சனி, ஞாயிறுகளில் கூடும் சத்துசாக் சந்தை தனி உலகம். இளம் வடிவமைப்பாளர்களின் கடைகளும் மொத்தச் சரக்குக் கடைகளும் அங்கே கலந்து கிடக்கின்றன. ஒரே பொம்மை நாலைந்து கடைகளில் தொங்கினால் அது தொழிற்சாலைச் சரக்கு. ஒரே கடையில் மட்டும் இருந்து, விற்பவரே செய்முறையைச் சொன்னால் வாங்கலாம்.

ஹாங்காங்கின் பலம் நெருக்கம். காவலர் குடும்பங்களுக்காக 1951இல் கட்டப்பட்ட குடியிருப்பு, 2014இல் பி.எம்.கியூ. என்ற பெயரில் வடிவமைப்பாளர்களுக்குத் திறந்துவிடப்பட்டது. ஒரு குடும்பம் வாழ்ந்த சிறு அறை இன்று ஒரு நகைக் கலைஞரின் கடை. ஹாலிவுட் சாலை வழியே நடந்தால், பழைய காவல் தலைமையகமும் சிறையும் சேர்ந்த தாய் குவுன் வளாகம் வந்துவிடும். 2018இல் திறக்கப்பட்ட அதில் கலைக்கூடங்களும் உணவகங்களும் உள்ளன. மேட்டுத் தெருக்களில் ஏற, 800 மீட்டர் நீளும் நகரும் படிக்கட்டுத் தொடர் உதவுகிறது. டக்ளஸ் யங் 1996இல் தொடங்கிய ஜி.ஓ.டி. கடை, பழைய அடுக்குமாடிகளின் தபால் பெட்டிகளையும் கடைப் பலகைகளையும் கோலங்களாக்கி உறைகளிலும் பைகளிலும் அச்சிடுகிறது. நகரத்தைப் பொருளாக்குவதில் இவர்களுக்கு நிகரில்லை. ஆனால் வாடகை கடுமை. கடைகள் அடிக்கடி மாறும் என்பதால் புறப்படும் முன் விசாரித்துக்கொள்ள வேண்டும்.

சிங்கப்பூரில் வடிவமைப்பைவிட உணவே முந்துகிறது. பழைய செயின்ட் அந்தோணி கான்வென்டில் இயங்கும் தேசிய வடிவமைப்பு மையமும், அங்கிருந்து நடந்து போகக்கூடிய ஹாஜி லேன் கடைகளும் பார்க்கத்தக்கவைதான். எனினும் நல்ல பொருள்கள் பல அங்கே வரையப்பட்டு வெளியூரில் செய்யப்படுகின்றன. சூப்பர்மாமா விற்கும் அழகிய பீங்கான் தட்டுகள் ஜப்பானின் அரிதா ஊரில் உருவானவை. பினாங்கில் பிறந்த மனோ தேவர் நடத்தும் தேவர் உணவகம் 2022இல் இரண்டு மிஷெலின் நட்சத்திரம் பெற்றது. மறுபுறம், 2020இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த உணவங்காடிக் கலாசாரம் சில வெள்ளிகளில் வயிறு நிறைக்கிறது. முதியோரையும் குழந்தைகளையும் அழைத்துச் செல்வோருக்கு இதுவே வசதியான ஊர். தமிழ் அங்கே ஆட்சிமொழிகளுள் ஒன்று.

செலவைக் கணக்கிடும்போது பட்டியலில் உள்ள விலையை மட்டும் நம்பக் கூடாது. சிங்கப்பூர் உணவகங்களில் விலைக்குப் பின் இரண்டு கூட்டல் குறிகள் இருந்தால், 10 சதவீதச் சேவைக் கட்டணமும் அதன்மேல் 9 சதவீத வரியும் சேரும். ஹாங்காங்கில் விற்பனை வரி இல்லை. சேவைக் கட்டணம் மட்டும் உண்டு. தாய்லாந்தில், வரி திரும்பப் பெறும் வசதியுள்ள கடையொன்றில் ஒரே நாளில் குறைந்தது 2,000 பாட்டுக்கு வாங்கினால், கிளம்பும்போது விமான நிலையத்தில் கேட்கலாம். கொழும்புக்கும் பாங்காக்குக்கும் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை ஏற்ற காலம். ஹாங்காங்குக்கு அக்டோபருக்குப் பின். கோடையில் சூறாவளி வரும்.

பழம்பொருள் வாங்குவோருக்கு ஓர் எச்சரிக்கை. தாய்லாந்திலிருந்து புத்தர் சிலையை வெளியே கொண்டுவர அந்நாட்டு நுண்கலைத் துறையின் அனுமதி வேண்டும். இலங்கையிலும் தொன்மையான பொருள்களை எடுத்துவர அனுமதி தேவை. கடைக்காரரே அந்த அனுமதியை வாங்கித் தருவாரா என்று பணம் கொடுக்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.