கடிதத்தால் விளைந்த உழவர் நட்பு

விவசாயிகள் தத்தம் நிலத்திற் கண்ட அனுபவத்தைப் பத்திரிகைக்கு எழுதுவதால் பிறர்க்குப் பிரயோஜனம் உண்டென்பதை யாவரும் ஒப்புவர். எழுதுபவருக்கே அதனால் வரும் லாபம் அத்துணை எளிதிற் புலப்படுவதில்லை. முகமறியாத ஒருவர் தூரதேசத்திலிருந்து விதையும் கருவியும் யோசனையும் அனுப்பும் நண்பராதல் கூடும். ஆர்தர் யங் என்னும் ஆங்கிலேயருக்கும் ஜார்ஜ் வாஷிங்டனுக்கும் நிகழ்ந்த கடிதப் போக்குவரத்து இதற்குத் தக்க உதாரணமாகும்.

யங் 1784ஆம் ஆண்டில் விவசாயத்திற்கென ஒரு சஞ்சிகையைத் தொடங்கினார். இங்கிலாந்தின் மன்னராகிய மூன்றாம் ஜார்ஜும் ரால்ப் ராபின்ஸன் என்ற புனைபெயரில் அதற்கு எழுதினார். பெட்டர்ஷாமில் டக்கெட் என்னும் குடியானவர் கையாண்ட சாகுபடி முறையே அவர் எடுத்துக்கொண்ட விஷயம். யங் தமது சொந்தப் பண்ணையில் லாபம் கண்டவரல்லர். எஸெக்ஸில் எடுத்த குத்தகையை ஒழிப்பதற்காக வேறொரு குடியானவருக்கு 100 பவுன் கொடுத்தவர் அவர். ஆயினும் பிறர் செய்வதைக் கேட்டு, குறித்து, ஒப்பிட்டு எழுதுவதில் அவருக்கு நிகரானவர் சிலரே.

வாஷிங்டன் அப்போது சேனாதிபதிப் பதவியை விட்டு, மௌண்ட் வெர்னான் என்னும் தம் பண்ணைக்குத் திரும்பியிருந்தார். 1786 ஜனவரியில் யங் அவருக்குத் தாமே முதற் கடிதம் எழுதி, சஞ்சிகையின் தொகுதிகளை அனுப்பி, கருவிகளும் விதைகளும் வாங்கித் தருவதாகவும் அறிவித்தார். வாஷிங்டன் இரண்டு கலப்பைகளும் பலவகை விதைகளும் கேட்டெழுதினார். அவை வந்து சேர்ந்தன. விதைகளுட் சில மாத்திரம் கப்பலின் அடித்தட்டில் வைக்கப்பட்டமையால் கெட்டன. அதையும் மறையாது எழுதினார். யங் அனுப்பிய வரைபடத்தைத் தழுவிச் செங்கல்லாற் களஞ்சியம் ஒன்றும் எழுப்பினார்.

1791இல் யங் அமெரிக்க நிலத்தின் விலை, வரி, விளைவு, கால்நடை முதலியவற்றைப் பற்றி வினவினார். வாஷிங்டன் அப்போது ஜனாதிபதி. அவர் பென்ஸில்வேனியா, மேரிலாந்து, வர்ஜீனியா ஆகிய பிரதேசங்களில் விஷயமறிந்தவர்களுக்கு எழுதிப் பதில்களைத் திரட்டி அனுப்பினார். யங் அவற்றை அப்படியே ஏற்கவில்லை. மூலதனத்திற்கு நூற்றுக்கு எவ்வளவு லாபம் என்று கணக்கிடாமலே விவசாயம் நடத்துவது எங்ஙனம் என்று 1793இல் சற்றுக் கடுமையாகவே கேட்டார். இத்தகைய கேள்வியால் முறியும் நட்பும் உண்டு. வாஷிங்டனோ அக்கடிதத்தைத் தாமஸ் ஜெபர்ஸனுக்கும் ரிச்சர்ட் பீட்டர்ஸுக்கும் காட்டி விடை பெற்றார். அயலார் கேட்டதால் தம் வரவு செலவைத் தாமே மறுமுறை பார்க்கும் சந்தர்ப்பம் அவ்விருவருக்கும் வாய்த்தது.

அவ்வாண்டு டிசம்பரில் வாஷிங்டன் தம் பண்ணைகளில் நான்கை ஆங்கிலக் குடியானவர்களுக்குக் குத்தகைக்கு விட விரும்பி, அதற்கும் யங்கின் உதவியையே நாடினார். அந்த ஏற்பாடு நிறைவேறவில்லை. அந்நிலங்களில் உழைத்தவர் அடிமைகள் என்பதையும் இங்கே மறத்தலாகாது. நிலத்தின் விளைவு அவர்களுடைய கையால் வந்தது. வாஷிங்டன் 1799இல் காலமானார். அவர் எழுதிய கடிதங்களை 1801இல் யங் லண்டனில் அச்சிட்டு வெளியிட்டார். இருவரும் ஒருநாளும் நேரிற் சந்தித்ததில்லை.

இவ்வித எழுத்துக்குப் புலமை வேண்டுவதில்லை. நிலத்தின் பரப்பு, மண்ணின் தன்மை, விதையின் அளவு, விதைத்த தேதி, மழை, எரு, செலவு, கண்டுமுதல் ஆகியவற்றைத் திட்டமாகக் குறித்தாற் போதும். “நல்ல விளைச்சல்” என்று மட்டும் எழுதினால் படிப்பவர்க்கு விடையெழுத வழியில்லை. பொய்த்துப்போன பயிரின் விவரத்தை எழுதினாலோ, அதே நோயைக் கண்டவர் ஒருவரேனும் பதிலெழுதக்கூடும். எழுதத் தெரியாத குடியானவர் சொல்வதைக் கேட்டுப் பள்ளி உபாத்தியாயர் எழுதித் தரலாம். அவர் கூறிய அளவை மாற்றாதிருத்தல் அவசியம். விதை அனுப்புவோர் அதை நன்கு உலர்த்தி, ஈரமும் வெப்பமும் தாக்காதவாறு கட்டி, எந்தப் போகத்தில் அறுத்தது என்பதைப் பொட்டலத்தின்மேல் எழுதவேண்டும். பெற்றுக்கொண்டவர் நூற்றுக்கு எத்தனை முளைத்தன என்பதை முதலிலும், கண்டுமுதலை அறுவடைக்குப் பின்னும் அனுப்பியவருக்குத் தெரிவித்தல் வேண்டும்.