முடிவு செய்ய 28 நாள்

கேள்வி: டப்ளினில் ஒரு கிடங்கில் வேலை பார்க்கிறேன். சைக்கிளில் வீடு திரும்பும்போது கார் மோதி மணிக்கட்டு முறிந்துவிட்டது. நண்பர்கள் நேரே கோர்ட்டுக்குப் போகச் சொல்கிறார்கள். கூடத் தங்கியிருப்பவரோ, காய இழப்பீட்டை மதிப்பிடும் போர்டே போதும், வக்கீலே வேண்டாம் என்கிறார். யார் சொல்வது சரி?

பதில்: முதல் படியில் வாசகருக்குத் தேர்வே கிடையாது. சாலையிலோ வேலையிடத்திலோ பொது இடத்திலோ காயம்பட்டு இழப்பீடு கேட்பவர், அயர்லாந்தில் முதலில் மதிப்பீட்டு வாரியத்துக்குத்தான் விண்ணப்பிக்க வேண்டும். 2003ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிறந்த அமைப்பு அது. 2023 இறுதியிலிருந்து 'இன்ஜுரீஸ் ரெசல்யூஷன் போர்டு' என்று பெயர். அதன் அனுமதிக் கடிதம் இல்லாமல் வழக்குத் தொடுக்க முடியாது. மருத்துவர்களின் கவனக்குறைவு இதில் சேராது.

வாரியத்தில் சாட்சிக் கூண்டு இல்லை, குறுக்கு விசாரணை இல்லை. மருத்துவ அறிக்கை, சம்பள இழப்பு, செலவு ரசீதுகள் ஆகியவற்றைப் பார்த்துத் தொகை சொல்வார்கள். மதிப்பீட்டுக்குச் சம்மதிக்க எதிர்த்தரப்புக்கு 90 நாள். சம்மதித்தபின் வேலையை முடிக்க வாரியத்துக்கு 9 மாதம். ஆனால் தவறு யார்மீது என்று வாரியம் தீர்ப்பு சொல்லாது. சிவப்பு விளக்கைத் தாண்டியவர் சைக்கிள்காரர்தான் என்று காப்பீட்டு நிறுவனம் அடம்பிடித்து மதிப்பீட்டை மறுத்தால், பெரும்பாலும் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டியிருக்கும்.

கோர்ட்டில் கூடுதலாகக் கிடைக்கும் என்ற நம்பிக்கைதான் பலரை ஏமாற்றுகிறது. நடைபாதையில் விழுந்து கணுக்கால் எலும்பு முறிந்த ஒரு பெண்ணுக்கு வாரியம் 3,000 யூரோ என்று மதிப்பிட்டது. பழைய அளவுகோலின்படி 18,000க்குக் குறையாது என்று அவர் வழக்காடினார். 2021இல் நீதிபதிகள் வகுத்த புதிய தொகைகளே செல்லும் என்று 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வாரியம் பார்க்கும் அதே பட்டியலைத்தான் நீதிபதியும் பார்க்கிறார். விலகினால் காரணம் எழுத வேண்டும்.

உண்மையான தேர்வு, மதிப்பீடு கைக்கு வந்தபிறகு கிடைக்கும் 28 நாளில் இருக்கிறது. அதற்குள் பதில் போடாவிட்டால் மறுத்ததாகவே கொள்வார்கள். எதிர்த்தரப்புக்கு 21 நாள். அவர்கள் பேசாமலிருந்தால் ஏற்றதாக அர்த்தம். அவர்கள் ஏற்ற தொகையை மறுத்துக் கோர்ட்டுக்குப் போய், அதைவிட அதிகம் கிடைக்காமல் போனால், பாதிக்கப்பட்டவருக்கு வழக்குச் செலவு கிடைக்காது. எதிர்த்தரப்பின் செலவும் தலையில் விழலாம்.

இரு தரப்பும் ஏற்றுவிட்டால் வாரியத்தின் உத்தரவுக்குக் கோர்ட் தீர்ப்பின் பலம் உண்டு. பிறகு கை மரத்துப்போனாலும் கோப்பைத் திறக்க முடியாது. கிடங்கில் பெட்டி தூக்கிப் பிழைப்பவருக்கு மணிக்கட்டின் பிடி முக்கியம். அது எவ்வளவு திரும்பும் என்று மருத்துவர் எழுதித் தரும்வரை சம்மதம் தரக்கூடாது. வக்கீல் கட்டணத்தை வாரியம் பொதுவாகத் தருவதில்லை. கைக்காசு போனாலும், ஏற்பதற்கு முன் ஒருமுறை வக்கீலிடம் காட்டிவிடுவது நல்லது.

இப்போது உடனே செய்ய வேண்டியது ஒன்று: விபத்து நடந்த ஒரு மாதத்துக்குள் கார் ஓட்டியவருக்கு எழுத்துமூலம் கோரிக்கையைத் தெரிவிக்க வேண்டும். விண்ணப்பத்துக்கு இரண்டு வருடக் கெடு இருக்கிறது. மருத்துவ அறிக்கை இல்லாமல் அனுப்பினால் அந்தக் கெடு நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும்.