தளவாய் ஆலையின் கணக்கு

தம்பி,

பெரம்பலூரில் பி.காம். படிப்பதாகவும், விடுமுறையில் மாமாவின் சிமெண்டுக் கடையில் கல்லாவில் உட்காருவதாகவும் எழுதியிருந்தாய். கடைசியில் ஒரு கேள்வி: "கிரிக்கெட் ஊழலில் பேர் கெட்டதால்தானே இந்தியா சிமெண்ட்ஸ் சீனிவாசன் கம்பெனியையே விற்க வேண்டி வந்தது?" ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் சொல்வார்கள். காரணத்தை அவர்கள் பத்திரிகையின் விளையாட்டுப் பக்கத்தில் தேடுகிறார்கள். அது வணிகப் பக்கத்தில் பல வருடங்களாக அச்சாகிக்கொண்டிருந்தது.

உங்கள் பகுதியிலிருந்தே தொடங்குகிறேன். அரியலூர் ஒரு காலத்தில் கடலடியாக இருந்த பூமி. அந்தக் கடல் விட்டுப்போன சுண்ணாம்புக்கல்தான் ஊரைச் சுற்றி இத்தனை ஆலைகளைக் கொண்டுவந்தது. சிமெண்டாக அரைக்கும் முன் சூளையில் சுட்டெடுக்கும் கட்டிக்குக் கிளிங்கர் என்று பெயர். ஒரு டன் கிளிங்கருக்கு ஏறக்குறைய ஒன்றரை டன் கல் வேண்டும். அதனால் கல் இருக்கும் இடத்துக்குத்தான் ஆலை வரும். செந்துறைப் பக்கத்துத் தளவாய் ஆலை இந்தியா சிமெண்ட்ஸுடையது. ரெட்டிப்பாளையம் ஆலை அல்ட்ராடெக்குடையது. ராம்கோ, செட்டிநாடு, டால்மியா, அரசு சிமெண்டு என்று மற்றவர்களும் அதே கல்லைத்தான் தோண்டுகிறார்கள். இதை மனதில் வைத்துக்கொள்.

இந்தியா சிமெண்ட்ஸை 1946ல் தொடங்கியவர்கள் சங்கரலிங்க ஐயரும் டி.எஸ். நாராயணசாமியும். 1949ல் திருநெல்வேலி தாழையூத்தில் முதல் ஆலை. நாராயணசாமியின் மகன்தான் சீனிவாசன். தொடங்கிய குடும்பங்களுக்கு இடையே வந்த பூசலில் வெளியே போனவர், 1989ல் நிர்வாக இயக்குநராகத் திரும்பி வந்தார். அடுத்த பத்து வருடத்தில் அவர் காட்டிய வேகம் சாதாரணமானதல்ல. சிமெண்டு கனமான சரக்கு, மூட்டை விலைக்கு லாரி வாடகை கட்டுப்படியாகாது, தூரம் போக முடியாது. புதுச் சந்தையைப் பிடிக்க வேண்டுமென்றால் அங்கேயே ஆலை வேண்டும். கட்டுவதைவிட, கட்டியிருப்பதை வாங்குவது வேகம். ஆந்திராவில் ஒன்றன்பின் ஒன்றாக வாங்கினார். 1998ல் ராசி சிமெண்ட்ஸ். அதன் நிறுவனர் பி.வி. ராஜு விற்க விரும்பாதபோதே, பங்குக்கு 300 ரூபாய் தருகிறேன் என்று பொதுவில் அறிவித்து மடக்கினார். கம்பெனி தென்னிந்தியாவின் முன்வரிசைக்கு வந்தது.

வாங்கிய பணத்தில் பெரும்பகுதி கடன். அடுத்து விலை சரிந்தது. வட்டி மட்டும் சரியவில்லை. 2000களின் தொடக்கத்தில் கடன் கொடுத்தவர்களிடம் போய்த் தவணைகளை மாற்றி எழுதிக்கொள்ளும் நிலை. அதிலிருந்து மீண்டார். ஆனால் ஆலைகளைப் புதுப்பிக்க வேண்டிய வருடங்கள் வட்டி கட்டுவதில் போயின. என் கணக்கில் வீழ்ச்சியின் வேர் இங்கே இருக்கிறது.

கிரிக்கெட் இதற்குப் பிறகுதான் வருகிறது. 2008ல் 9.1 கோடி டாலருக்குச் சென்னை சூப்பர் கிங்ஸ் ஐ.பி.எல். அணி. 2011ல் இந்தியக் கிரிக்கெட் வாரியத் தலைவர். 2013ல் மருமகன் குருநாத் மெய்யப்பன் சூதாட்டப் புகாரில் கைது. 2015 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், வாரியத்தில் பதவியும் வேண்டும், அணியும் வேண்டும் என்பது செல்லாது என்றது. அவர் விவகாரத்தை மூடி மறைத்தார் என்ற குற்றச்சாட்டு நிரூபணமாகவில்லை என்றும் அதே தீர்ப்பு சொன்னது. இதைப் பலர் சொல்வதில்லை. அதன் பிறகு அணிக்கு இரண்டு ஆண்டுத் தடை. மானம் போனது உண்மை. ஆனால் அணி அதற்குள் தனிக் கம்பெனியாகப் பிரிக்கப்பட்டிருந்தது. சிமெண்டு விற்ற பிறகும் அது அவர் பக்கமே நின்றது. அவரைத் திட்டுபவர்களிடம் நான் ஒன்று சொல்வேன்: சென்னை லீக் ஆட்டக்காரர்கள் எத்தனையோ பேருக்கு மாதச் சம்பளம் கொடுத்த கம்பெனி இந்தியா சிமெண்ட்ஸ்.

2022ல் உக்ரைன் போர் வந்து நிலக்கரி விலை ஏறியது. சூளை 1450 டிகிரியில் எரிய வேண்டும், எரிபொருளில் சிக்கனம் பார்க்க முடியாது. பழைய ஆலைகள் டன்னுக்கு அதிக எரிபொருளைத் தின்றன. 2022-23லும் 2023-24லும் நஷ்டம். கையில் நடைமுறை மூலதனம் இல்லை. உன் மாமாவுக்குக் கொத்தனார்களும் காண்ட்ராக்டர்களும் பாக்கி வைத்து, அடுத்த லோடுக்குப் பணம் கட்ட முடியாமல் கடையில் பாதி இடம் காலியாகக் கிடந்தால் என்ன ஆகும்? கேட்டு வரும் ஆளும் எதிர்க்கடைக்குப் போவான். அதுதான் நடந்தது. ஆலை இருந்தது, முழுத் திறனில் ஓட்டப் பணமில்லை.

பிறகு துண்டு துண்டாக விற்பனை. மத்தியப் பிரதேசத்துச் சுரங்கக் கம்பெனி 2022ல் ஜே.எஸ்.டபிள்யூ.வுக்கு, மகாராஷ்டிரத்து பர்லி அரவை ஆலை 2024ல் அல்ட்ராடெக்குக்கு, 315 கோடி. அதே ஆண்டு ஜூனில், பங்குச்சந்தை முதலீட்டாளர் ராதாகிஷன் தமானி தரப்பிடம் இருந்தது உட்பட ஏறத்தாழ 23 சதவீதப் பங்கை அல்ட்ராடெக் வாங்கியது. ஜூலையில் சீனிவாசன் தரப்பின் 32.72 சதவீதம், பங்கு 390 ரூபாய், மொத்தம் 3,954 கோடி. டிசம்பரில் போட்டி ஆணையம் சம்மதித்தது, சீனிவாசன் விலகினார். எண்பது வயதுக்குச் சில நாள் பாக்கி. நல்ல விலைதான், பிச்சைக்காரனாகப் போகவில்லை. ஆனால் ராசியை மடக்கியவரின் ஆலையை, ரெட்டிப்பாளையத்தில் ஏற்கெனவே சூளை எரித்துக்கொண்டிருந்தவர்கள் வாங்கிவிட்டார்கள்.

நீ ஒரு வேலை செய். இந்தியா சிமெண்ட்ஸின் ஆண்டறிக்கைகள் பங்குச்சந்தைத் தளங்களில் இலவசமாகக் கிடைக்கின்றன. 2018லிருந்து எடு. லாபத்தை முதலில் பார்க்காதே. நிதிச் செலவு, விற்ற டன், எரிபொருள் மின்சாரச் செலவு, வரவேண்டிய பாக்கி, இந்த நான்கையும் வருடவாரியாக ஒரு தாளில் எழுது. பக்கத்தில் ராம்கோவின் அதே நான்கு வரிகளை எழுது. இரண்டும் அரியலூர்க் கல்லைச் சுட்டவைதான். எந்த வருடத்தில் இரண்டு தாளும் வெவ்வேறு திசையில் போகின்றன என்று கண்டுபிடித்து எழுது. அந்த வருடத்தில் மாமா கடைக்கு எந்தக் கம்பெனி மூட்டை வந்தது என்றும் அவரிடம் கேள்.